விவசாயக் கடனும் திவால் மனுவும்: அமெரிக்கச் சட்டத்தில் எந்த வழி எதைக் காக்கும்?

அமெரிக்காவில் ஒரு விவசாயி வாங்கிய கடன் திவால் சட்டத்தின் கீழ் ஒழியுமா என்று கேட்டால், ஒழியும் என்பதே நேரான விடை. கல்விக் கடனுக்கு அந்த நாட்டுச் சட்டம் வைத்திருக்கும் தனித் தடையைப் போன்ற ஒன்று விவசாயக் கடனுக்கு இல்லை. உள்ளூர் வங்கி கொடுத்த கடனாயினும், கூட்டுறவு அடிப்படையில் இயங்கும் பண்ணைக் கடன் அமைப்பு கொடுத்ததாயினும், மத்திய வேளாண் துறையின் கீழுள்ள எஃப்.எஸ்.ஏ. என்னும் பண்ணைச் சேவை முகமை நேரடியாகக் கொடுத்ததாயினும், நீதிமன்றம் அளிக்கும் கடன் விடுவிப்பு அதற்கும் பொருந்தும். ஆனால் அந்த விடுவிப்பால் நீங்குவது கடனாளியின் தலைமேல் இருக்கும் சொந்தப் பொறுப்பு மட்டுமே. நிலத்தின் மீதும், டிராக்டரின் மீதும், கறவை மாட்டின் மீதும் எழுதிக் கொடுக்கப்பட்ட அடமானம் அதனுடன் சேர்ந்து தானாக நீங்கிவிடுவதில்லை. விவசாயக் கடனில் பெரும்பகுதி ஏதேனும் ஒரு சொத்தின் மீது அடமானமாகவே இருப்பதால், திவால் சட்டத்தின் எந்த அத்தியாயத்தின் கீழ் மனுச் செய்வது என்ற தேர்வில்தான் நிலம் தங்குமா போகுமா என்பது முடிவாகிறது.

முதலில் 7-ஆம் அத்தியாயம். சொத்துகளை விற்றுக் கடன்காரர்களுக்கு, அதாவது கடன் கொடுத்தவர்களுக்கு, பங்கிட்டுவிட்டு, மீதமுள்ள கடனிலிருந்து கடனாளியை விடுவிக்கும் நேர்வழி இது. பெரும்பாலும் சில மாதங்களுக்குள் விடுவிப்பு ஆணை கிடைத்துவிடும். கடனில் பெரும்பகுதி தொழில் கடனாக இருப்பவருக்கு, குடும்பச் செலவுக் கடனாளிகளுக்குரிய வருமானத் தகுதிச் சோதனையும் பொருந்தாது. ஆனால் நிலத்தை வைத்துக்கொள்ள விரும்புபவருக்கு இந்த வழி உதவாது என்பதை 1992-இல் வந்த டியூஸ்னப் வழக்குத் தீர்ப்பு தெளிவாக்கிவிட்டது. யூட்டா மாநிலத்தில் இரண்டு துண்டு விவசாய நிலத்தின் மீது ஏறத்தாழ 1,20,000 டாலர் கடன் இருந்தது; நிலத்தின் மதிப்போ 39,000 டாலர்தான். கடனை நிலத்தின் மதிப்பளவுக்குக் குறைத்து, அந்தத் தொகையைக் கட்டி அடமானத்தை மீட்டுக்கொள்ளக் கடனாளி அனுமதி கேட்டபோது, 7-ஆம் அத்தியாயத்தில் அதற்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. இன்னொரு வரம்பும் உண்டு. பண்ணையை நிறுவனமாகவோ கூட்டாண்மையாகவோ பதிவு செய்து நடத்துபவர்களின் நிறுவனத்துக்கு இந்த அத்தியாயத்தில் விடுவிப்பே கிடையாது. தனிநபருக்கு மட்டுமே உண்டு. விவசாயத்தை விட்டு விலகுவது என்று உறுதியாக முடிவெடுத்தவருக்கும், விற்ற பின்னும் தீராத மிச்சக் கடன் துரத்தும் என்று அஞ்சுபவருக்கும் இதுவே செலவு குறைந்த வழி என்பது என் கருத்து. அத்தகையவரை மற்ற அத்தியாயங்களின் ஐந்தாண்டுத் தவணைத் திட்டத்தில் கட்டிப்போடுவது வீண் அலைக்கழிப்பு.

தொழிலைத் தொடர்ந்துகொண்டே கடனைச் சீரமைக்க நினைப்பவருக்கு நெடுங்காலம் திறந்திருந்த பெரிய கதவு 11-ஆம் அத்தியாயம். பெரு நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் இது. கடன்காரர்களின் வாக்கெடுப்பும், விரிவான வெளிப்படுத்தல் அறிக்கையும், அதற்கேற்ற வழக்கறிஞர் கட்டணமும் சேர்ந்து நடுத்தரப் பண்ணையின் தாங்குதிறனை மீறிவிடுகின்றன. அதைவிடப் பெரிய தடை, ஈடு இல்லாத, அதாவது அடமானம் ஏதும் பெறாத, கடன்காரர்கள் எதிர்த்து வாக்களித்தால் அவர்களுக்கு முழுத் தொகையும் தரப்படும்வரை உரிமையாளர் தன் பங்கை வைத்துக்கொள்ள முடியாது என்ற முன்னுரிமை விதி. மினசோட்டாவைச் சேர்ந்த ஒரு விவசாயத் தம்பதி, எதிர்காலத்தில் தாங்கள் தரப்போகும் உழைப்பையே முதலீடாகக் கணக்கிட்டுப் பண்ணையைத் தங்களிடம் விட வேண்டும் என்று வாதாடினர். வருங்கால உழைப்பு என்ற வாக்குறுதியைப் பணமாகவோ பண மதிப்புடையதாகவோ கொள்ள முடியாது என்று 1988-இல் ஆலர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. சட்டத்தின் தர்க்கம் சரியாகவே இருக்கலாம்; குடும்பத்தின் உழைப்பைத் தவிர வேறு முதலீடு இல்லாத பண்ணைகளுக்கு அந்தத் தர்க்கம் கதவை அடைத்துவிட்டது.

அந்தத் தீர்ப்பு வருவதற்கு முன்பே நாடாளுமன்றம் வேறொரு வழியைத் திறந்துவிட்டிருந்தது. 1970-களில் நில விலை ஏறிக்கொண்டே போனதை நம்பி வாங்கிய கடன்கள், 1980-களின் தொடக்கத்தில் வட்டி விகிதம் உச்சத்துக்குப் போய், விளைபொருள் விலையும் நில விலையும் சரிந்தபோது கழுத்தை நெரித்தன. அயோவா, மினசோட்டா போன்ற நடுமேற்கு மாநிலங்களில் பண்ணை ஏலங்கள் அன்றாடச் செய்தியாயின. அதன் விளைவாக 1986-இல் குடும்ப விவசாயிகளுக்கென்றே 12-ஆம் அத்தியாயம் தற்காலிகச் சட்டமாக இயற்றப்பட்டது. காலாவதியாவதும் நீட்டிக்கப்படுவதுமாகப் பலமுறை ஊசலாடிய பின், 2005-இல்தான் அது நிரந்தரமாயிற்று.

இந்த அத்தியாயத்தின் வலிமையை ஒரு கணக்கின் மூலம் எளிதில் காணலாம். ஒரு குடும்பத்துக்கு நிலத்தின் மீது 8,00,000 டாலர் கடன் இருக்கிறது, நிலத்தின் இன்றைய மதிப்பு 5,00,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 12-ஆம் அத்தியாயத்தில் நீதிமன்றம் அந்தக் கடனை இரண்டாகப் பிரிக்கும். 5,00,000 டாலர் மட்டும் அடமானக் கடனாக நிற்கும். அதைத் திட்டக் காலமான மூன்று முதல் ஐந்து ஆண்டுகளையும் தாண்டி, இருபது ஆண்டு போன்ற நீண்ட தவணைகளில் கட்டலாம். வட்டியைப் பொறுத்தவரை, 2004-இல் டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய முறைப்படி, வங்கிகளின் முதன்மை வட்டி விகிதத்துடன் அபாயத்துக்காகச் சிறிது கூட்டிப் பல நீதிமன்றங்கள் நிர்ணயிக்கின்றன. எஞ்சிய 3,00,000 டாலர் ஈடு இல்லாத கடனாகிவிடும். சொத்துகளை அன்றே விற்றிருந்தால் அந்தக் கடனுக்கு எவ்வளவு கிடைத்திருக்குமோ அதற்குக் குறையாமல், திட்டக் காலத்தின் உபரி வருமானத்திலிருந்து கொடுக்க வேண்டும். தவணைகளை முடித்தபின் மீதி ஒழிந்துபோகும். இங்கே கடன்காரர்களின் வாக்கெடுப்பும் இல்லை, ஆலர்ஸ் தம்பதியை வீழ்த்திய முன்னுரிமை விதியும் இல்லை. டியூஸ்னப் வழக்கில் மறுக்கப்பட்ட அதே குறைப்பு இங்கே சட்டப்படி கிடைக்கிறது. குடியிருக்கும் வீட்டின் அடமானத்தைக்கூடத் திருத்தியமைக்க முடிகிறது. நிலையான வருமானமுள்ள தனிநபர்கள் தவணையில் கடனைக் கட்டும் 13-ஆம் அத்தியாயத்தில் அதற்குத் தடை உண்டு.

எனினும் இந்தக் கணக்கு நில மதிப்பு கடனைவிடக் குறைவாக இருக்கும்போதுதான் செல்லும். நில விலை உயர்ந்திருக்கும் காலத்தில், சொத்து மதிப்பு கடனை மிஞ்சிவிட்டால், ஈடு இல்லாத கடன்காரர்களுக்கும் முழுமையாகக் கொடுக்க வேண்டிவரும். அப்போது 12-ஆம் அத்தியாயத்தின் பயன் கடன் குறைப்பாக இராது, கால நீட்டிப்பும் வட்டிக் குறைப்புமாக மட்டுமே இருக்கும். நீதிமன்றத்துக்குப் போனாலே கடன் பாதியாகும் என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

தகுதி வரம்புகளும் உண்டு. மொத்தக் கடனுக்கான உச்சவரம்பு 2019-இல் 1 கோடி டாலராக உயர்த்தப்பட்டு, 2025 ஏப்ரல் முதல் 1,25,62,250 டாலராக இருக்கிறது. கடனில் பாதியேனும் விவசாயத்தால் வந்ததாகவும், மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் விவசாயத்திலிருந்து கிடைப்பதாகவும் இருக்க வேண்டும். இந்த வருமான நிபந்தனையே பலரை வெளியே தள்ளுகிறது. கணவன் லாரி ஓட்ட, மனைவி மருத்துவமனையில் வேலை பார்க்க, மாலையிலும் வார இறுதியிலும் பண்ணையைக் கவனிக்கும் குடும்பங்கள் இதில் அடிபட்டுப்போகின்றன. அவர்களுக்கு மிஞ்சுவது 13-ஆம் அத்தியாயம். அதன் கடன் வரம்பு இப்போது ஈடுள்ள கடனுக்கு 15,80,125 டாலர், ஈடு இல்லாத கடனுக்கு 5,26,700 டாலர் என்று மிகச் சிறியது. நிறுவனங்களுக்கு அது பொருந்தாது. 2020-இல் நடைமுறைக்கு வந்த, 11-ஆம் அத்தியாயத்தின் சிறுதொழில் உட்பிரிவு, 12-ஆம் அத்தியாயத்தைப் பார்த்தே வடிவமைக்கப்பட்டதால் ஓரளவு இடைவெளியை நிரப்புகிறது.

எஃப்.எஸ்.ஏ. கடன் மட்டுமே பெருஞ்சுமையாக இருப்பவர், மனுப் போடுவதற்கு முன் அந்த முகமையின் உள்வழியைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தவணை தவறி 90 நாள் ஆனதும் முகமை அறிவிப்பு அனுப்ப வேண்டும். விவசாயி 60 நாளுக்குள் விண்ணப்பித்தால் தவணை மாற்றம், ஒத்திவைப்பு ஆகியவற்றைப் பரிசீலித்து, அவையும் போதாதபோது கடனின் ஒரு பகுதியையே எழுதித் தள்ளலாம். வாழ்நாள் வரம்பு 3,00,000 டாலர். நீதிமன்றச் செலவும், திட்டத் தவணைகளின் மீது, அதை மேற்பார்வையிடும் சட்ட அறங்காவலருக்குச் செலுத்த வேண்டிய கட்டணமும் இதில் இல்லை. குறை என்னவென்றால், இந்த வழி எஃப்.எஸ்.ஏ.வை மட்டுமே கட்டுப்படுத்தும். உரக்கடைக்காரரையும் தனியார் வங்கியையும் கட்டுப்படுத்தாது. அறிவிப்பைப் பிரிக்காமல் மேசை மேல் போட்டுவைத்து 60 நாளைக் கடத்திவிட்டால் வாய்ப்பும் போய்விடும்.

வரியைப் பொறுத்தவரை திவால் வழிக்கே கை ஓங்கியிருக்கிறது. நீதிமன்றத்துக்கு வெளியே ஒழிக்கப்பட்ட கடன், சில விலக்குகளுக்கு உட்பட்டு, அந்த ஆண்டின் வருமானமாகக் கருதப்படும். திவால் வழக்கில் ஒழிந்த கடன் அவ்வாறு கருதப்படுவதில்லை. ஆனால் பண்ணை நிலத்தை விற்றதால் எழும் மூலதன ஆதாய வரி 12-ஆம் அத்தியாயத்தில் ஒழியுமா என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. 2012-இல் ஹால் வழக்கில் ஒழியாது என்று 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. 2017-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அத்தகைய வரியை ஈடு இல்லாத சாதாரணக் கடனாக ஆக்கியது. கொஞ்சம் நிலத்தை விற்று எஞ்சியதைக் காப்பாற்ற நினைப்பவருக்கு இந்தத் திருத்தம் சிறியதல்ல.

எதிர்காலக் கடனை எண்ணிப் பார்ப்பதும் அவசியம். எஃப்.எஸ்.ஏ. கடன் உள்வழியில் எழுதித் தள்ளப்பட்டாலும், திவாலில் ஒழிந்தாலும், சட்டம் இரண்டையும் கடன் மன்னிப்பு என்றே பதிவு செய்கிறது. அதன்பின் அந்த முகமையிடம் புதுக் கடன் பெறுவது பொதுவாகத் தடைபடும். நீதிமன்றம் உறுதிசெய்த 11, 12 அல்லது 13-ஆம் அத்தியாயத் திட்டத்தில் தவணை தவறாமல் கட்டிவருபவருக்குச் சாகுபடிக் கடன் அளிக்க விலக்கு உண்டு என்பதால், இந்த ஒரு விஷயத்திலும் 7-ஆம் அத்தியாயம் பின்தங்குகிறது. ஜாமீன் கையெழுத்திட்ட தந்தையையோ மாமனாரையோ எந்த அத்தியாயமும் விடுவிக்காது.

நேர்மையின்மைக்கும் விடுவிப்பு இல்லை. பொய்யான சொத்துக் கணக்கைக் காட்டிப் பெற்ற கடனும், கடன் கொடுத்தவருக்குத் தீங்கு செய்யும் நோக்கத்துடனே அடமானத்திலுள்ள மாட்டையோ தானியத்தையோ விற்றுவிட்டதால் ஏற்பட்ட கடனும் தனிநபர் மீது தங்கிவிடக்கூடும். எஃப்.எஸ்.ஏ.விடம் அடமானமுள்ள பொருளை ஏமாற்றும் எண்ணத்தோடு விற்பது மத்தியச் சட்டப்படி குற்றமும்கூட. நெருக்கடியில் பத்து மாட்டை விற்று மின்கட்டணம் கட்டியவர்கூட, அந்தப் பணம் எங்கே போயிற்று என்று தாளில் காட்ட முடியாமல் போனால், மோசடிக்காரரின் வரிசையில் நிற்க நேரலாம்.

வழியைத் தேர்ந்தபின் நாளையும் தேர வேண்டும். மனுத் தாக்கலுக்கு முன் எழுதப்பட்ட பயிர் அடமானம், தாக்கலுக்குப் பின் விதைக்கப்படும் பயிரைப் பொதுவாகப் பிடிக்காது. விதைப்புக்கு முன் மனுச் செய்தவரின் புதுப் பயிர் பழைய அடமானத்திலிருந்து விலகி நிற்கும். விதைத்தபின் போனவரின் பயிர் அதில் சிக்கியே இருக்கும். விதையும் உரமும் பழைய அடமானப் பணத்தில் வாங்கப்பட்டிருந்தால் வங்கி அதற்கு ஈடாக மாற்று அடமானம் கேட்கும் என்பதால், வழக்கறிஞரைப் பார்ப்பதை அறுவடைக்கு ஒத்திப்போடாமல் உழவுக்கு முன்பே வைத்துக்கொள்வதுதான் விவசாயிக்கு ஆதாயம்.