கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்க வரை: குடும்பத்தோடு காத்திருக்க ஓர் இடம்

இலங்கையின் வடக்கே வன்னியிலிருந்து வான் வண்டி பிடித்து விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் நேரத்தைக் கணக்குப் பார்த்துப் புறப்படுவதில்லை. முதல்நாள் இரவே வெளிக்கிட்டு விடுவார்கள். கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். ஏ9 வீதியால் வவுனியா, மதவாச்சி, பிறகு அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று வர வேண்டும். வழியில் ரயர் போகலாம், காட்டுப் பக்கம் யானை வீதிக்கு ஏறலாம், நீர்கொழும்பில் வாகனங்கள் நெருக்கியடிக்கலாம். பிளேனைத் தவறவிட்டால் அந்தக் காசை யார் தருவது? அதனால் ஐந்து, ஆறு மணித்தியாலம் முந்தியே வந்து இறங்கி விடுகிறோம்.

இந்த முறை வட்டக்கச்சியில் நின்றுவிட்டு லண்டன் திரும்பும்போது, என் இரண்டு பிள்ளைகளோடு அம்மாவும் வந்தா. மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவன் இன்னும் தவழ்கிறான். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். வழியனுப்பத் தம்பி குடும்பமும் சித்தியும் வானில் ஏறிக்கொண்டார்கள். குழந்தை, முதியவர், சூட்கேஸ், புட்டுப் பொதி எல்லாம் சேர்ந்த பயணத்துக்கு என்ன வசதி கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன். இதே பயணத்தைச் செய்யப் போகிற குடும்பங்களுக்கு உதவும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது லவுஞ்ச், அதாவது காசு கட்டியோ வங்கிக் கார்ட்டைக் காட்டியோ உள்ளே போய் இருக்கிற ஓய்வறை, எங்கே இருக்கிறது என்பது. செக்-இன், பாதுகாப்புச் சோதனை, குடிவரவு எல்லாம் முடிந்த பிறகுதான் அது வரும். செக்-இன் கவுண்டர் பொதுவாக மூன்று, நான்கு மணித்தியாலத்துக்கு முன்புதான் திறக்கும். கார்ட்டைக் காட்டி உள்ளே போகிற லவுஞ்ச் பலவற்றில் விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்பிருந்துதான் விடுவார்கள். எங்களைப் போல விடியப்புறம் வந்து சேர்கிற குடும்பம் மிச்ச நேரம் முழுவதையும் வெளியேதான் கழிக்கிறது. வழியனுப்ப வந்தவர்களுக்கு உள்ளே போக அனுமதி எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொஞ்சக் காலம் பயணிகளைத் தவிர ஒருவரையும் விடவில்லை.

அந்த வெளிப்பக்கத்தைப் பார்த்தால் மனம் தாங்காது. வான் கதவைத் திறந்து வைத்து, பின் சீற்றில் துவாயை விரித்து, சின்னவனுக்கு நான் பம்பேர்ஸ் மாற்றினேன். பக்கத்தில் முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு குடும்பம். மகன் கட்டாருக்கு வேலைக்குப் போகிறான். அவனுடைய அம்மம்மா நடைபாதை ஓரக் கல்லில் இருந்து சுடுதண்ணிப் போத்தலிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தா. எங்களுக்கும் தந்தா. இரவு முழுக்கப் பயணம் செய்த எழுபது வயதுக்காரி, கால் நீட்டி இருக்க ஒரு கதிரை இல்லாமல் பேரனை அனுப்பி வைக்கிறா. உண்மையில் ஓய்வறை தேவைப்படுகிற ஆள் அவதான்.

உள்ளே போன பிறகு எங்களுக்குக் கிடைத்தது நல்ல இடம். என் வங்கிக் கார்ட்டில் எனக்கு மட்டும் இலவசம், மற்றவர்களுக்குக் காசு. இதை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு வாருங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காசு எடுப்பதில்லை, அதற்கு மேல் ஒவ்வொரு லவுஞ்சும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறது. அம்மாவுக்குக் கட்டின காசுக்கு நான் கவலைப்படவே இல்லை. சாய்ந்து கால் வைக்கிற கதிரை, பக்கத்திலேயே கைபிடி வைத்த மலசலகூடம், சோறு, பருப்பு, சூப், பழம் எல்லாம் இருந்தன.

அம்மா சாப்பாட்டு மேசையைப் பார்த்துவிட்டு என் காதுக்குள் கேட்டா: "பிள்ளை, இது ஆருக்கு வைச்ச சாப்பாடு? எடுத்தாப் பிறகு காசு கேப்பினமோ?"

"இல்லையம்மா, கட்டியாச்சு. விருப்பமானதை எடுத்துச் சாப்பிடுங்கோ."

அப்போதும் ஒரு வாழைப்பழமும் தேத்தண்ணியும்தான் எடுத்தா. புட்டுப் பொதியை அவிழ்க்கலாமோ என்று கேட்டா. நான் பணிப்பெண்ணிடம் கேட்டேன், அவ சிரித்துக்கொண்டு ஒரு கோப்பையும் கரண்டியும் கொண்டுவந்து வைத்தா. வெளிச் சாப்பாட்டுக்குத் தடை வைத்திருக்கிற இடங்கள் இருக்கின்றன, அதனால் கேட்டுவிட்டு அவிழ்ப்பதே மரியாதை.

அந்தப் பணிப்பெண் செய்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சின்னவனின் பாலைச் சூடாக்கித் தரக் கேட்டேன். மைக்ரோவேவில் வைக்கவில்லை. அதில் பால் ஒரு பக்கம் கொதித்து ஒரு பக்கம் குளிர்ந்திருக்கும், குழந்தையின் வாய் வெந்துபோகும். சூப் கோப்பையில் சுடுதண்ணி ஊற்றி, போத்தலை அதற்குள் நிறுத்தி, இரண்டொரு நிமிடம் கழித்துத் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் தந்தா. கேட்டால், வீட்டில் தனக்கும் ஒன்று இருக்கிறதாம்.

குடித்துவிட்டும் அவன் அழுதான். காது வலியோ, நித்திரைக் கலக்கமோ தெரியாது. இரண்டு கதிரை தள்ளி மடிக்கணினியோடு இருந்த ஒருவர், குழந்தைகளை இப்படியான இடத்துக்கு ஏன் கூட்டி வருகிறார்கள் என்று பணிப்பெண்ணிடம் சத்தமாகவே கேட்டார். எனக்கு முகம் சூடேறியது. அவ அவரோடும் வாதாடவில்லை, எங்களையும் எழுப்பவில்லை. வெறுமையாகக் கிடந்த சின்னக் கூட்ட அறையைத் திறந்து, விளக்கைக் குறைத்துவிட்டு, "இங்க படுக்க வைங்க" என்றா. பதினைந்து நிமிடத்தில் பிள்ளை நித்திரை.

அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் மிச்சமில்லை. அவரும் இரவு முழுக்கப் பறந்து வந்தவராக இருக்கலாம். அமைதிக்குக் காசு கட்டினவருக்கு அமைதி கேட்க உரிமை இருக்கிறது. குழந்தைக்குக் காசு கட்டின தாய்க்கும் அங்கே இருக்க உரிமை இருக்கிறது. இரண்டையும் ஒரே மண்டபத்துக்குள் போட்டு அடைத்தால் சண்டைதான் வரும், ஒரு கதவு வைத்த அறை இருந்தால் வராது. தோஹாவின் ஹமாத் விமான நிலையத்தில் எந்தக் கார்ட்டும் இல்லாத சாதாரணப் பயணிக்கே பிள்ளைகள் விளையாட இடமும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகப் படுத்து ஆறுகிற அமைதி அறைகளும் உண்டு. ஆனால் போன முறை வேறொரு இடைத்தங்கல் நிலையத்து லவுஞ்சில், பம்பேர்ஸ் மாற்ற இடம் உள்ளே இல்லை, வெளியே போங்கள் என்றார்கள். இரவில், தூங்குகிற மூத்தவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். பளிங்குத் தரையும் பத்து வகைக் கேக்கும் வைக்கத் தெரிந்தவர்கள் ஒரு மடிக்கிற பலகை வைக்க மறந்துவிட்டார்கள்.

சரி, எங்கள் பக்கமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. பிள்ளைக்கு ஃபோனில் கார்ட்டூன் போட்டால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் போடுங்கள். பாவித்த பம்பேர்ஸைச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலுள்ள குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். ஊருக்குக் காணொளி அழைப்பு எடுத்து, "இஞ்ச பாருங்கோ" என்று மண்டபம் முழுவதையும் சுற்றிக் காட்டும்போது மற்றவர்களின் முகமும் அதில் போகிறது. அப்புறம், உள்ளே போனதும் மூலையில் இடம் பிடியுங்கள், தள்ளுவண்டி நடைவழியை மறிக்காது.

இனி வன்னிக்கு வருகிறேன், ஏனென்றால் பயணத்தின் கடினமான பகுதி அங்கேதான். 2002 சமாதான காலத்தில் ஏ9 திறந்தபோது ஓமந்தையிலும் முகமாலையிலும் இருந்த சோதனைச் சாவடிகளில் இறங்கி, பொதிகளைத் தூக்கிக்கொண்டு, கைக்குழந்தையோடு வரிசையில் நின்ற சனம் நாங்கள். 2006 ஓகஸ்டில் அந்தப் பாதையும் மூடப்பட்டது. வெயிலில் காத்திருந்து பழகின சனத்துக்கு இதுவும் தாங்கும் என்று இன்றைக்கும் எல்லோரும் நினைக்கிறார்கள், நாங்களே நினைக்கிறோம். வீதி இப்போது நல்ல கார்ப்பெட் வீதி. கிளிநொச்சிக்கு 2013 செப்டெம்பரில் ரயில் மறுபடி வந்தது. ஆனால் ரயிலில் கொழும்பு போய், அங்கிருந்து திரும்பக் கட்டுநாயக்கவுக்குப் பொதிகளோடு போவது முழங்கால் வருத்தக்காரிக்கு முடியாத காரியம். அதனால் வான்தான்.

வானில் போனால் எல்லோரும் நிற்கிற இடம் முறிகண்டி. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கால் ஆறி, பிறகுதான் வண்டி நகரும். அங்கே நின்றபோது அம்மா மலசலகூடம் தேடினா. எங்கே நின்றாலும் நம்மவர்களுக்கு முதல் தேவை அதுதான்: குந்தி இருக்க முடியாதவர்களுக்கு உயரமான இருக்கை, பிடித்து எழும்ப ஒரு கம்பி, பால் கொடுக்கிற தாய்க்கு மறைப்புள்ள ஒரு சின்ன அறை.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஊர்ச் சங்கங்கள் நடத்துகிறவர்களிடம் இதைக் கேட்கிறேன். வளைவும் மண்டபமும் கட்டக் காசு சேர்க்கிறோம். அடுத்த முறை ஏ9 வீதியோரம் இப்படி ஓர் ஓய்விடம் கட்டலாம். பிரதேச சபையோடு கதைத்துக் காணியும் தண்ணீரும் எடுக்க வேண்டும். கட்டி முடித்துப் பெயர்ப்பலகை வைத்துவிட்டு வந்தால் ஆறு மாதத்தில் அதற்குள் கால் வைக்க முடியாது. அதனால் கட்டடத்துக்குச் சேர்க்கிற காசில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கி, அதைக் கழுவிப் பூட்டித் திறக்கிற ஒருவருக்கு மாதாமாதம் சம்பளம் போகிற மாதிரிச் செய்ய வேண்டும்.