தனியாளாக பிரேக் பிளீடிங்: வேக்கம் பம்ப்பும் ஒருவழி வால்வு பாட்டிலும்

பிரேக் லைனில் புகுந்த காற்றை ஆயிலோடு சேர்த்து வெளியேற்றுவதுதான் பிளீடிங். பெடல் மிதித்துக் கொடுக்க ஆள் கிடைக்காததால் இரண்டு கருவிகளையும் வாங்கிப் பார்த்துவிட்டேன். முதலில் கை வேக்கம் பம்ப். பிளீடர் நிப்பிளை (சக்கரத்துக்குப் பக்கத்தில் பிரேக்கில் இருக்கும், ஆயில் வெளியேறும் சின்னத் திருகு) தளர்த்தி உறிஞ்சத் தொடங்கியதும் குழாயில் குமிழி வந்துகொண்டே இருந்தது, லைனில்தான் காற்று என்று நினைத்து அரை பாட்டில் ஆயிலைத் தீர்த்த பிறகுதான் அது நிப்பிளின் மரை வழியாக வெளியிலிருந்து இழுபடும் காற்று என்று புரிந்தது. இந்த வகைப் பம்ப்புகளில் பொதுவாகவே உள்ள தொல்லை இது.

அப்புறம் ஒருவழி வால்வு வைத்த பாட்டில். விலை குறைவு, வேலை சுத்தம். நிப்பிளில் மாட்டி, கால் சுற்று தளர்த்தி, உள்ளே உட்கார்ந்து மெதுவாக மிதித்தால் ஆயில் வெளியே போகும், திரும்பி வராது. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் நாலைந்து மிதிக்கு ஒருமுறை இறங்கிப்போய் மேலே பிரேக் ஆயில் தொட்டியில் மட்டம் பாருங்கள், தொட்டி காலியாகி மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதித்தால் ஆயிலை லைனுக்குத் தள்ளும் பகுதி) காற்று புகுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய வண்டி என்றால் பெடலைத் தரைவரை அழுத்தாதீர்கள், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் கிழியலாம்.

ஸ்பேனரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஓப்பன் ஸ்பேனர் நிப்பிளின் முனைகளை மழுக்கிவிடும், ஆறுமுனை ரிங் ஸ்பேனர் வாங்குங்கள். ஆயிலும் சீல் உடைக்காத டப்பாதான்: டாட் 4 என்ற தர பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிவிட்டால் 155 வரை இறங்கலாம். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.