வர்லிட்ஸர் 200ஏ: உறுமலுக்கு நிகரில்லை, ஆனால் கவனிப்பு கேட்கும்

ப்ளூஸும் ராக்கும் வாசிக்கிறவர் பழைய எலெக்ட்ரிக் பியானோ ஒன்றே ஒன்று வாங்கப்போகிறார் என்றால், அதே காலத்துப் போட்டிக் கருவியான ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோவை விட்டுவிட்டு வர்லிட்ஸர் 200ஏ பக்கம் போகலாம் என்பது என் கட்சி. சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்கத் தயங்குகிறவருக்கு மட்டும் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கான காரணம் கீழே விரிவாக இருக்கிறது.

அமெரிக்காவின் வர்லிட்ஸர் நிறுவனம் 1950களின் நடுவில் எலெக்ட்ரிக் பியானோ விற்கத் தொடங்கியது. 1959இல் ரே சார்ல்ஸ் அந்தப் பழைய மாடல்களில் ஒன்றை வாசித்துப் பதிவு செய்த பாட்டு பெரிய ஹிட் ஆனதும், இது வெறும் பயிற்சிக் கருவி இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. 200 மாடல் 60களின் கடைசியில் வந்தது. அதைத் திருத்திய 200ஏ 1974இல் வந்து, 80களின் தொடக்கம்வரை ஓடியது. இப்போது கிடைப்பதெல்லாம் செகண்ட் ஹேண்ட்தான். இளையதற்கே 40 வயது தாண்டிவிட்டது.

மொத்தம் 64 கீ, ஏ-யில் தொடங்கி சி-யில் முடியும். எடை ஏறக்குறைய 25 கிலோ. கழற்றி மாட்டும் நான்கு கால்கள், அடியிலிருந்து கேபிளால் இழுக்கும் சஸ்டெய்ன் பெடல், மூடியிலேயே இரண்டு ஓவல் ஸ்பீக்கர். 73 கீ ரோட்ஸ் ஏறக்குறைய 60 கிலோ. மாடிப்படி ஏற்றியவருக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டாம். முன்பக்கம் இரண்டே குமிழ்கள்: வால்யூம், வைப்ரேட்டோ. ட்ரெபிள், பேஸ் எதுவும் கிடையாது. தேவையும் இல்லை, டோனை விரல்தான் தீர்மானிக்கும்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் இதன் குணமும் கோளாறும் ஒருசேரப் புரியும். கீயை அழுத்தினால் சின்ன கிராண்ட் பியானோ ஆக்‌ஷன் போன்ற ஒரு மர அமைப்பு, ஃபெல்ட் ஒட்டிய சுத்தியை மேல்நோக்கி வீசும். அது ஓர் எஃகு ரீடைத் தட்டும். ஹார்மோனியம் ரீடைப் பார்த்தவருக்கு உருவம் பழகியதாகவே இருக்கும். அங்கே காற்று அசைப்பதை இங்கே சுத்தி அசைக்கிறது. ரீடின் நுனி, சீப்புப் பற்கள் மாதிரி வெட்டிய ஓர் உலோகத் தகட்டின் இடைவெளிக்குள் ஆடுகிறது. அந்தத் தகட்டில் சுமார் 150 வோல்ட் நேர் மின்னழுத்தம் நிற்கும். ரீட் ஆடும்போது இரண்டுக்கும் நடுவே உள்ள மின்தேக்கு அளவு மாறும், அந்த மாற்றம்தான் ஒலியாகிறது. மெதுவாக வாசித்தால் ரீட் தகட்டின் எல்லைக்குள்ளேயே ஆடுவதால் மணிபோல் வழுவழுப்பான ஒலி. ஓங்கி அடித்தால் நுனி தகட்டைத் தாண்டி வெளியே போய்த் திரும்பும். அப்போது அலைவடிவம் கோணலாகி ஒலி கடிக்கத் தொடங்கும். ஆம்ப்ளிஃபையர் கிழிந்து வரும் டிஸ்டார்ஷன் வேறு, இது வேறு. வால்யூம் குறைவாக இருக்கும்போதும் உறுமல் வருவது இதனால்தான்.

இந்தக் குணத்தை யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டாலே பாதி பாடம் முடிந்துவிடும். 1967 ஜனவரியில் அலபாமாவின் ஃபேம் ஸ்டூடியோவில் பாடகி அரீதா ஃப்ராங்க்ளினுக்காக ஸ்பூனர் ஓல்டம் வாசித்த வர்லிட்ஸர் ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு) நோட்டுகள் மிகக் குறைவு, இடைவெளி அதிகம், பாட்டு முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. டானி ஹாதவே 70களின் தொடக்கத்து நேரடி நிகழ்ச்சிகளில் மென்மைக்கும் உறுமலுக்கும் நடுவே ஒரே ஃப்ரேஸுக்குள் போய் வருவார். ஃபேஸஸ் இசைக்குழுவின் இயன் மெக்லேகன் நேர் எதிர்: கிட்டாருக்குப் போட்டியாகச் சத்தமாக வைத்து, கார்டை வெட்டி வெட்டி அடிப்பார். பிங்க் ஃப்ளாய்டின் ரிச்சர்ட் ரைட் இதை வா பெடல் (காலால் டோனை மாற்றி ‘வா-வா’ என்று ஒலிக்க வைக்கும் கருவி) வழியாக விட்டார். சூப்பர்ட்ராம்ப் குழு எட்டாம் நோட்டுகளாக ஒரே கார்டைத் தட்டித் தட்டியே ஒரு தனி பாணி உண்டாக்கியது. இந்த ஐவரில் எனக்குப் பிடித்த பாடப்புத்தகம் ஓல்டம்தான்.

ப்ளூஸ் வாசிக்க இடக்கைக்கு நிறைய வேலை வேண்டாம். நடு சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழே போனபின் மூன்று நோட் கார்டு போட்டால் கூழாகிவிடும். கீழ் ரீடுகளில் மேற்சுரங்கள் பலமாக இருப்பதால் ஒன்றோடொன்று உரசும். அங்கே ஒற்றை நோட் அல்லது ஆக்டேவ் போதும். கார்டுக்கு இரண்டு நோட் எடுங்கள். சி7க்கு, நடு சி-க்குக் கீழே உள்ள இ, பி ஃப்ளாட். எஃப்7 வந்தால் இரண்டையும் அரைப்படி இறக்குங்கள்: இ ஃப்ளாட், ஏ. ஜி7 வந்தால் முதல் வடிவத்திலிருந்து அரைப்படி ஏற்றுங்கள்: எஃப், பி. பன்னிரண்டு பார் ப்ளூஸ் முழுக்க இடக்கை அங்கிருந்து நகர வேண்டியதே இல்லை. வலக்கையில் இ ஃப்ளாட்டிலிருந்து இ-க்கு ஒரே விரலை வழுக்கிவிடும் நொறுக்கு நோட் இந்த இலேசான கீகளில் அழகாக விழும்.

ப்ளூஸ் பியானோ கலைஞர் ஓட்டிஸ் ஸ்பான் பாணியில் நோட்டை நீட்ட இரண்டு விரலால் விறுவிறுவென்று மாற்றி மாற்றி உருட்டுவது இங்கே அவசியமாகவே ஆகிவிடும். காரணம், வர்லிட்ஸரின் ஒலி ரோட்ஸைவிடச் சீக்கிரம் அடங்கும், மேல் ஆக்டேவில் இன்னும் சீக்கிரம். அப்படி உருட்டும்போது வைப்ரேட்டோ குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள். அது ஒலியளவை விநாடிக்கு ஏறக்குறைய 6 முறை ஏற்றி இறக்கும். குமிழைத் திருப்பினால் ஆழம்தான் கூடும், வேகம் மாறாது. விரல் உருட்டும் வேகமும் அந்த வேகமும் மோதினால் கேட்கச் சகிக்காது. பாட்டின் டெம்போவோடு ஒட்ட வேண்டுமென்றால் வெளியே ஒரு ட்ரெமொலோ பெடல் வைப்பதுதான் வழி.

இதில் செய்யக் கூடாதது ராக் அண்ட் ரோல் பியானோக்காரர்களான லிட்டில் ரிச்சர்ட், ஜெர்ரி லீ லூயிஸ் வேலை. ஓங்கிய ஆக்டேவ் மழையும், மேலிருந்து கீழே கை வழித்து இறக்கும் கிளிஸாண்டோவும் நிஜ பியானோக் கம்பிக்குப் பழக்கம். இந்த ரீட் தாங்காது. திரும்பத் திரும்ப அளவுக்கு மீறி வளைந்தால் எஃகு களைத்து, திருகுக்குப் பக்கத்தில் முடிக்கோடாக விரிசல் விடும். ரீட் உடைவதற்குப் பெரும்பாலும் வாசிப்பவரின் கோபத்தைவிட மோசமான மானிட்டரே காரணம். டிரம்ஸ் சத்தத்தில் தன் ஒலி கேட்காதவர் தன்னையறியாமல் ஓங்கி அடிப்பார். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர்கள் அறைக்குச் சரி, மேடைக்குப் போதாது. பின்னால் உள்ள ஆக்ஸ் அவுட்டிலிருந்து ஒரு கிட்டார் ஆம்ப் அல்லது டி.ஐ. பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வழியாக மானிட்டருக்குக் கொடுத்துவிட்டு, நடுத்தர விசையிலேயே வாசியுங்கள்.

வாங்கும்போது ஒவ்வொரு கீயையும் மூன்று விசையில் தட்டிப் பாருங்கள்: மெல்ல, நடுவாக, ஓங்கி. ஒரு நோட் மட்டும் திடீரென்று கால் சுரம் இறங்கியிருந்தால் ட்யூனிங் போயிருக்கிறது என்று விற்பவர் சொல்வார். நம்பாதீர்கள், அனேகமாக அந்த ரீடில் விரிசல் விழுந்திருக்கிறது, சில நாளில் உடையும். ஒரு நோட் ‘ஸ்ஸ்ர்’ என்று பொரிந்தால் ரீடுக்கும் தகட்டுக்கும் நடுவே தூசி. இது சின்ன விஷயம். மின் இணைப்பைப் பிடுங்கி, சில நிமிடம் விட்டு, அழுத்தக் காற்றாலோ மெல்லிய காகிதத்தாலோ எடுத்துவிடலாம். ஓங்கினால் மட்டும் உலோகம் இடித்த மாதிரி ‘டண்’ என்றால் ரீட் நடுவில் இல்லை. அதன் ஒரே திருகைக் கொஞ்சம் தளர்த்தி, இடைவெளியின் நடுவுக்கு நகர்த்தி மறுபடி இறுக்க வேண்டும். ஒரு தட்டுக்கு இரண்டு முறை அடித்தால் ஆக்‌ஷனின் லெட்-ஆஃப் திருகு (ரீடைத் தட்டும் முன் சுத்தியை விடுவிக்கும் இடத்தை அமைப்பது) விலகியிருக்கிறது.

எதுவும் வாசிக்காமலே பலத்த ஹம் வந்தால், வயதான எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களைச் சந்தேகப்படுங்கள். 200ஏ-வில் ரீடுகளுக்கு மேலே ஒரு உலோகக் கவசம் சேர்த்தார்கள். பழைய 200ஐவிட இது அமைதியாக இருப்பதற்கு அது ஒரு காரணம். பழுது பார்த்தவர் யாராவது அதைத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கலாம், திறந்து பாருங்கள். திறக்கும்போது நிதானம்: ஸ்பீக்கர்கள் மூடியில் இருப்பதால் ஒயரைக் கழற்றாமல் மூடியை வெடுக்கென்று தூக்கினால் பிய்ந்துவிடும். மின்சாரம் ஓடும்போது 150 வோல்ட் நிற்கும் அந்தச் சீப்புத் தகட்டை (பிக்கப்) தொடவே கூடாது.

ட்யூனிங் ஈயத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ரீடின் நுனியிலும் ஒரு பொட்டு சால்டர். அதை அரத்தால் தேய்த்தால் நுனி இலேசாகிச் சுருதி ஏறும், சேர்த்தால் இறங்கும். ஏற்றுவது சுலபம், ரீடைக் கழற்றாமலே தேய்க்கலாம். ஆனால் கீழே ஒரு காகிதம் விரிக்காமல் தேய்த்தால் ஈயத்தூள் தகட்டின் பற்களுக்குள் விழுந்து, ஒரு நோட்டைச் சரிசெய்யப்போய் மூன்று நோட் பொரியத் தொடங்கும். இறக்க வேண்டுமென்றால் ரீடைக் கழற்றி, புதுச் சொட்டு வைத்து, கூம்பாகத் தேய்த்து மாட்ட வேண்டும். சொட்டு அகலமாக இருந்தால் தகட்டில் உரசும். திருகை முழுதும் இறுக்கிய பிறகுதான் ட்யூனரில் பாருங்கள், தளர்ந்திருக்கும்போது காட்டும் சுருதி பொய்.

இந்தியாவிலோ இலங்கையிலோ வைத்துக்கொள்கிறவர்களுக்கு: அமெரிக்க மாடல் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் கதை முடிந்தது. 200 விஏ அளவுள்ள நல்ல ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதும். அதிர்வெண் 50 ஹெர்ட்ஸாகவே வரும் என்பதால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், வாசிக்காதபோது அணைத்துவிடுங்கள். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் கீயின் துளைகளில் உள்ள ஃபெல்ட் உப்பி, அழுத்திய கீ மேலே வராமல் நின்றுவிடும். எண்ணெய் விடாதீர்கள், ஃபெல்ட் வீணாகும். அந்த ஃபெல்ட்டை இலேசாக அழுத்திக் கொடுத்தால் போதும்.

விளம்பரத்தில் ‘200ஏ’ என்று போட்டு, 206ஏ-வை விற்பதும் நடக்கிறது. அது வகுப்பறைகளுக்குச் செய்த மாணவர் மாடல். ரீடும் ஆக்‌ஷனும் அதேதான், ஆனால் வைப்ரேட்டோ குமிழ் கிடையாது, ஸ்பீக்கர் அடியில் இருக்கும். கால்கள் பொருத்தி மாற்றிய 206ஏ ஒன்றும் மோசமான பொருள் இல்லை. 200ஏ விலையைக் கொடுக்காதவரை.

உதிரிபாகக் கவலை முன்பளவு இல்லை. வின்டேஜ் வைப் நிறுவனம் புது ரீடுகள் விற்கிறது, வார்னெக் ரிசர்ச் மாற்று ஆம்ப்ளிஃபையர் போர்டு செய்கிறது. ரீட் ஆர்டர் செய்யும்போது 200 வரிசைக்கு உரியதா என்று பாருங்கள். பழைய மாடல்களின் ரீட் அளவு வேறு. நடு இரண்டு ஆக்டேவுக்கு, அதிகம் அடிபடும் நோட்டுகளாகப் பார்த்து ஐந்தாறு ரீட் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடல் தாண்டி வரும் பார்சலுக்கும் கச்சேரித் தேதிக்கும் ஒத்துப்போகாது.