லெபோ அம்பாங்கில் நான் ஊருக்குப் பணம் அனுப்பும் கடை

கோலாலம்பூரில் மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டி ரயில் ஸ்டேஷனில் இறங்கி லெபோ அம்பாங் பக்கம் நடந்தால், பணம் மாற்றும் கடைகளும் ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளும் வரிசையாக வரும். அதில் ஒரு சின்னக் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. கடைக்கு விளம்பரம் தேடித் தருவது என் நோக்கமில்லை, ஒரு கடை எப்படி நடந்துகொண்டால் நம்மைப் போன்றவர்கள் நம்பிக் காசைக் கொடுக்கலாம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நான் செந்தூலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை செய்கிறேன். ஊர் அறந்தாங்கி பக்கம். மனைவியும், பதினோராம் வகுப்பு படிக்கும் மகனும் அங்கே இருக்கிறார்கள். என்னைப் போல வேலை பெர்மிட்டில் வந்தவர்கள் குடும்பத்தை இங்கே கூட்டி வந்து வைத்துக்கொள்ள முடியாது. அதனால் மகனுக்கு ஒரு தகப்பனாக நான் செய்வதெல்லாம், டியூஷன் ஃபீஸ், ரெக்கார்டு நோட்டு, சட்டை, செருப்பு எல்லாமே இந்தக் கவுண்டர் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது.

கவுண்டரில் இருக்கும் தங்கச்சி இந்த ஊர்ப் பிள்ளை. முதல் தடவை போனபோது, எத்தனை வெள்ளி (மலேசிய ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) அனுப்பப் போகிறேன் என்று அது கேட்கவில்லை. "அண்ணே, ஊர்ல எவ்வளவு விழணும்? அதைச் சொல்லுங்க, நான் கணக்குப் போடுறேன்" என்றது. இத்தனை வருடத்தில் வேறு எந்தக் கடையிலும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நமக்கு வேண்டியதும் அதுதானே? டியூஷன் சாருக்கு ரூபாயில்தான் கட்ட வேண்டும், பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும், அதில் நூறு ரூபாய் குறைந்தாலும் பையன்தான் போய் நின்று பதில் சொல்ல வேண்டும். கால்குலேட்டரில் தட்டி, ரேட் இவ்வளவு, சார்ஜ் இவ்வளவு, மொத்தம் நீங்கள் கொடுக்க வேண்டியது இவ்வளவு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தள்ளிய பிறகுதான் அது பாஸ்போர்ட்டையே கேட்டது.

ரேட் விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். வாசலில் "சார்ஜ் இல்லை" என்று எழுதிப் போட்டிருந்தால் அவர்களுடைய லாபம் ரேட்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில் வெள்ளிக்கு 20.60 ரூபாய், சார்ஜ் 10 வெள்ளி. இன்னொரு கடையில் 20.20 ரூபாய், சார்ஜ் கிடையாது. 800 வெள்ளி அனுப்பினால் முதல் கடையில் 16,480 ரூபாய் போய்ச் சேரும், அடுத்ததில் 16,160. வித்தியாசம் 320 ரூபாய். அந்த 10 வெள்ளி சார்ஜைக் கழித்துப் பார்த்தாலும் முதல் கடையில்தான் நூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனால் 300 வெள்ளிதான் அனுப்புகிறீர்கள் என்றால் வித்தியாசம் வெறும் 120 ரூபாய், அதற்கு 10 வெள்ளி சார்ஜ் கட்டுவது நஷ்டம். இந்த உதாரணத்தில் 500 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே போனால்தான் சார்ஜ் வாங்கும் கடை லாபம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்தத் தங்கச்சிதான். கையில் பணம் குறைவாக இருந்த ஒரு மாதம், "இவ்வளவுக்கு இங்க அனுப்பாதீங்க அண்ணே, அடுத்த மாசத்தோட சேர்த்து அனுப்புங்க, இல்லன்னா சார்ஜ் இல்லாத இடம் பாருங்க" என்றது. தன் கடைக்கு வரும் காசை வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு மனசு வேண்டும்.

நூறு ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்களுக்கு என் கணக்கைச் சொல்கிறேன். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 ஆனது, எனக்கு அடிப்படைச் சம்பளம் அதுதான். அதே வருடம் அக்டோபர் சம்பளத்திலிருந்து எங்களைப் போன்ற வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இபிஎஃப் என்ற சேமநிதிக்கு 2 விழுக்காடு பிடிக்கிறார்கள், முதலாளியும் 2 விழுக்காடு போட வேண்டும். ஊருக்கே திரும்பிப் போகும்போது அந்தப் பணம் கிடைக்கும், நல்ல விஷயம், ஆனால் இன்றைக்குக் கையில் 34 வெள்ளி குறைகிறது. ஏஜெண்டுக்குக் கொடுக்க ஊரில் மூணு வட்டிக்கு வாங்கிய கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கட்டி, வீட்டுச் செலவுக்கு ஒதுக்கி, அப்புறம் மிஞ்சுவதில்தான் பையன் படிக்கிறான். (ஒரு காலத்தில் செட்டியார்கள் கிட்டங்கி (வட்டிக்கடை) வைத்து வட்டிக்குக் கொடுத்த தெரு இந்த லெபோ அம்பாங். இன்றைக்கு ஊரில் வாங்கிய வட்டிக் கடனை அடைக்க நாங்கள் இதே தெருவில் வரிசையில் நிற்கிறோம்.)

இந்தக் கடைக்கு மாறியதற்குக் காரணம் ரேட் கிடையாது. இதற்கு முன் வேறொரு கடையில் அனுப்பிக்கொண்டிருந்தேன். என் மனைவியின் கணக்கு பழைய பாண்டியன் கிராம வங்கியில் திறந்தது. 2019 ஏப்ரலில் அது பல்லவன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது, பணம் எந்த பேங்க் கிளைக்குப் போக வேண்டும் என்று காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் மாறிவிட்டது. புதுப் பாஸ்புக்கின் படத்தைக் காட்டியும், அந்தக் கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் இருந்த பழைய குறியீட்டையே போட்டு அனுப்பிவிட்டார். பணம் நடுவில் மாட்டிக்கொண்டது. போய்க் கேட்டால் பேங்கில் கேளுங்கள் என்றார், பேங்கில் அங்கேயே கேளுங்கள் என்றார்கள். அது டியூஷனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கட்ட வேண்டிய பணம். மகன் தன் மாமாவிடம் கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டு, "பரவால்லப்பா, நான் சமாளிச்சுட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தான். குரல் உடைந்து ஆம்பிளைக் குரலாகியிருந்தது. பதினாறு வயசுப் பையன் அப்பனுக்குச் சமாதானம் சொல்கிறான். பணம் கடைசியில் திரும்பி வந்தது, அதிலும் சார்ஜைப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போதைய கடையில் ஒவ்வொரு தடவையும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பார்க்கிறார்கள். பெயர் எழுத்துக்கு எழுத்து, இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது வரைக்கும். நம் ஆட்களுக்குப் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் பேங்கில் ஒரு மாதிரியும் பெயர் இருப்பது சகஜம், அங்கேதான் பணம் நிற்கும். லட்சுமி விலாஸ் வங்கியில் கணக்கு வைத்திருந்தவர்களும் கவனமாக இருங்கள், 2020 நவம்பரில் அது டிபிஎஸ் இந்தியாவோடு சேர்ந்த பிறகு அங்கேயும் குறியீடு மாறியது. சிண்டிகேட் வங்கி கனரா ஆனதும் அப்படியே.

ரசீதைப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பாமல் மகனுக்குத்தான் அனுப்புகிறேன். இந்த வயதில் அவனுக்குக் கணக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். நான் கேட்காமலே அவன் ஒரு நோட்டில் செலவை எழுதிப் படம் அனுப்புகிறான். டியூஷன், ரெக்கார்டு நோட்டு, பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளுக்கு டியூப். அதில் செருப்பு மட்டும் வரவே இல்லை. ஒருநாள் வீடியோ காலில் போனைத் திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து போனான், அப்போது பார்த்தேன், வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. அந்த மாதம் செருப்புக்கென்று தனியாகச் சொல்லி அனுப்பினேன், டியூஷனில் சேர்த்துவிடாதே என்றேன். தமிழ்ப் புதல்வன் திட்டத்தையும் அவனேதான் விசாரித்துச் சொன்னான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். "காலேஜ் போனா உங்களுக்கு அது குறையும்ப்பா" என்றான். ஏறக்குறைய 50 வெள்ளி. நான் குறைக்கப் போவதில்லை.

சரி, கடையின் குறைகள். ஏழாம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டும் என்பது சட்டம், அதனால் அதற்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை உள்ளே நிற்கவே இடம் இருக்காது. ஒரே ஒரு காத்தாடிதான். பாரங்கள் மலாய், ஆங்கிலம், வங்காள மொழிகளில் இருக்கின்றன, வரும் ஆட்களில் பாதிப் பேர் நம்மவர்கள், ஆனால் தமிழில் ஒரு தாள்கூடக் கிடையாது. இதை முதலாளியிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தத் தங்கச்சியே நிரப்பிக் கொடுக்கிறது, ஆனால் அது லீவு போட்ட நாளில் அவர்கள் திண்டாடுகிறார்கள். ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

பாஸ்போர்ட் கையில் இல்லாமல் போனால் அனுப்ப மாட்டார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிறைய பேருக்குப் பாஸ்போர்ட் முதலாளியிடம் பூட்டிக் கிடக்கிறது, அதனாலேயே உரிமம் இல்லாமல் ஆள் வழியாகப் பணம் அனுப்பும் உண்டியலில் கொடுக்கிறார்கள். உண்டியலில் ரசீது கிடையாது, பணம் போகவில்லை என்றால் கேட்க நாதி இல்லை. ஒருவருடைய பாஸ்போர்ட்டை இன்னொருவர் வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். பிள்ளைக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள், தயங்காதீர்கள்.

போன் ஆப்பில் அனுப்பலாமே என்று என் அறையில் இருக்கும் தம்பிகள் சொல்கிறார்கள். பேங்க் கணக்கு இருந்தால் அதுவும் நல்ல வழிதான், சில நாள் ரேட்டும் கூட இருக்கிறது. ஒரு தடவை பணம் மாட்டிக்கொண்டு அலைந்ததால், நேரில் போய்க் கேட்க ஒரு ஆள் இருக்கும் இடம்தான் எனக்குச் சரிப்பட்டு வருகிறது.

போகிறவர்கள் முடிந்தால் வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். எந்தக் கடையானாலும் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள், ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். பாஸ்போர்ட்டோடு பெர்மிட் தேதியையும் பார்ப்பார்கள், அது முடியப் போகிறது என்றால் புதுப்பிக்கக் கொடுப்பதற்கு முன்பே அந்த மாதப் பணத்தை அனுப்பிவிடுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் கூட்டம் தாங்காது, பிள்ளைகளுக்குத் துணி எடுக்க அனுப்புகிறவர்கள் அதற்கும் ஒரு வாரம் முன்பே முடித்துவிடுவது நல்லது.