எட்டு வருட லேப்டாப்பும் ஏழு நிமிடக் காத்திருப்பும்

முன்பு என்னோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்த தங்கை ஒருத்தி போன வாரம் கூப்பிட்டாள். "அக்கா, உங்களோடதும் என்னோடதும் ஒரே மாடல் லேப்டாப்தானுங்களே? ஆன் பண்ணினா ஆறு நிமிஷம் ஆகுதுங்க. கடையில கேட்டா மெஷினுக்கு வயசாயிருச்சு, புதுசு வாங்கிக்கங்கன்னு சொல்றாங்க. நீங்க என்ன பண்ணினீங்க?" போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து அவளுக்கே இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் வாங்கியது 2017 ஜூன். அடுத்த மாதம் ஜிஎஸ்டி வருகிறது, வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கலாம் என்று துணிந்து 34,000 ரூபாய் போட்டேன். ஏழாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஈரோட்டில் விசைத்தறிக்காரர்கள், மஞ்சள் வியாபாரிகள் என்று இருபது பேருக்கு மேல் இதில்தான் கணக்கு எழுதுகிறேன். முதலில் நல்லதைச் சொல்லவேண்டும். வலது பக்கம் தனி நம்பர் பேட் இருக்கிறது. எட்டு வருடம் தினமும் பில் தொகைகளை அடித்தும் ஒரு கீ கூடத் தளரவில்லை. மூடியின் கீல் இன்றும் இறுக்கம். கணக்கு வேலை செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் மூன்றாவது வருடத்திலிருந்து ஆன் ஆவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. மாதம் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன்களுக்குக் கெடு. அந்த நாட்களில் காலை எட்டு மணிக்கே வியாபாரிகள் போனில் வந்துவிடுவார்கள். "ஒரு நிமிஷம் இருங்கண்ணா, சிஸ்டம் வந்திட்டிருக்கு" என்று சொல்லிச் சொல்லி, அவர்கள் என்னைச் சோம்பேறி என்று நினைப்பார்களோ என்ற கவலையே வந்துவிட்டது. டெஸ்க்டாப் வந்த பிறகும் வேலை தொடங்க முடியாது. கணக்கு எழுதும் டேலி புரோகிராமின் ஐகானை அழுத்தினால் பதில் இருக்காது. எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம், பிராசஸரோ 15 சதவீதம்கூட இல்லை.

மூன்று முறை கடையில் ஃபார்மேட் செய்தேன், ஒவ்வொரு முறையும் 500 ரூபாய். இரண்டு வாரம் சுறுசுறுப்பாக இருக்கும், பிறகு பழைய கதை. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். ஃபார்மேட் செய்தால் குப்பை குறைந்து கொஞ்சம் வேகம் வருவது உண்மைதான். ஆனால் மூன்றாவது முறையாவது டிஸ்க்கைச் சோதித்துப் பார்த்திருக்கலாம். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

நானாகச் செய்ததில் முதல் வேலை, ஸ்டார்ட்அப் பட்டியலை, அதாவது ஆன் ஆகும்போதே தானாகத் தொடங்கும் புரோகிராம்களின் பட்டியலைச் சுத்தம் செய்தது. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் டேபில் 'ஹை' என்று காட்டிய பிரிண்டர் புரோகிராம், சாட் ஆப், கிளவுட் ஸ்டோரேஜ் எல்லாவற்றையும் டிசேபிள் செய்தேன். ஏழு நிமிடம் ஐந்தரை ஆனது. காசு செலவில்லாமல் கிடைக்கும் லாபம் அவ்வளவுதான்.

இரண்டாவதாகக் கண்டுபிடித்தது எனக்குப் பெரிய ஆச்சரியம். தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் படுப்பேன். ஆனால் டாஸ்க் மேனேஜரில் அப் டைம், அதாவது கடைசியாக முழுதாகத் தொடங்கியதிலிருந்து ஆன நேரம், 23 நாள் என்று காட்டியது! விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது சிஸ்டத்தின் உள்பகுதி முழுவதாக மூடாது. அதை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்து, மறுநாள் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதனால் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று யாராவது சொன்னால், நீ ரீஸ்டார்ட் கொடு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நான் அணைத்துவிட்டேன். அடிக்கடி காணாமல் போகும் என் பிரிண்டர் அதற்குப் பிறகு ஒழுங்காக வருகிறது.

ஆனால் நோயின் வேர் டிஸ்க்தான். லேப்டாப்பில் வரும் சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90. ஒரு சின்ன ஃபைலைத் தேடி அதன் முள் நகர்ந்து, தட்டு சுற்றி அந்த இடம் வரவேண்டும். அப்படிச் சிதறிக் கிடக்கும் சின்னத் துண்டுகளை நொடிக்கு 60, 70 தடவைதான் எடுக்க முடியும். விண்டோஸ் தொடங்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கில். நம் ஊர் நூல் குடோனில் ஒரே ஆளை நிறுத்தி, ஒவ்வொரு கோனாக வேறு வேறு ரேக்கிலிருந்து எடுத்து வரச் சொல்வதைப் போல. வாசலில் எத்தனை வண்டி நின்றாலும் அந்த ஒரு ஆள் நடக்கிற நடைதான் வேகம். எஸ்எஸ்டி என்பது சிப்பில் சேமிக்கும் டிஸ்க். அதில் சுற்றும் தட்டு கிடையாது, நகரும் முள்ளும் கிடையாது. அதே வேலையை நொடிக்குப் பல ஆயிரம் தடவை செய்கிறது.

2023 ஆகஸ்டில் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (பழைய டிஸ்க்கின் இணைப்பிலேயே பொருந்துவது) வாங்கினேன், 1,650 ரூபாய். ரேம் இன்னொரு 4 ஜிபி. அடிமூடியைக் கழற்றத்தான் பாடு. பதினோரு ஸ்க்ரூ, அதில் இரண்டு ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. டிவிடி டிரைவை முதலில் உருவினால்தான் அங்கே இருக்கும் மூன்று குட்டி ஸ்க்ரூ கண்ணுக்கே தெரியும். பழைய டிஸ்க்கை காப்பி அடிக்காமல் விண்டோஸைப் புதிதாகவே போட்டேன்.

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதியில், ஈவென்ட் 100 என்று பூட் நேரம், அதாவது ஆன் ஆக எடுத்த நேரம், மில்லி செகண்டில் பதிவாகும். பழைய டிஸ்க்கில், ஸ்டார்ட்அப்பைச் சுத்தம் செய்வதற்கு முன் நான் குறித்து வைத்தது 4,12,338, அதாவது ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. எஸ்எஸ்டியில் முதல் வாரம் 31,000 சொச்சம், அரை நிமிடம்தான். அன்று காலை டேலி திறந்த வேகத்தைப் பார்த்து, கண் கலங்கிவிட்டது எனக்கு. நாலு வருடம் இப்படி இருந்திருக்கலாமே என்றுதான்.

அதோடு முடியவில்லை. பழைய டிஸ்க்கில் 300 ஜிபிக்கு மேல் ஃபைல்கள் இருந்தன. அதனால் டிவிடி டிரைவ் இருந்த இடத்துக்கு ஒரு கேடி (டிஸ்க்கை வைத்துச் செருகும் சட்டம்) வாங்கி, பழைய டிஸ்க்கை அதில் பொருத்தினேன். விண்டோஸ் வேகமாக வருகிறது, ஆனால் அதற்கு முன்னால் கம்பெனி லோகோ மட்டும் உட்கார்ந்தே இருக்கும். எஸ்எஸ்டி சரியில்லையோ என்று ஒரு மாதம் குழம்பினேன். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் டேபில் மேலே 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று ஒரு எண் இருக்கும். விண்டோஸுக்கு முன்னால் மெஷினைத் தயார் செய்யும் பயாஸ் என்ற புரோகிராம் எடுத்துக்கொண்ட நேரம் அது. எனக்கு 21.4 நொடி. கேடியை உருவிவிட்டுப் பார்த்தேன், 6.8. பழைய டிஸ்க் சுழன்று தயாராகும் வரை பயாஸ் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் அதைப் போட்டுப் பார்த்தால் மஞ்சள் நிறத்தில் 'காஷன்' என்ற எச்சரிக்கை, படிக்க முடியாத செக்டார்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள்) ஏற்கெனவே வந்துவிட்டன. என் இருபது பேருடைய ஆறு வருடக் கணக்கு அதில் இருந்தது. அன்றே எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு மாற்றினேன்.

இதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு தொல்லையும் இல்லை. பவர் பட்டனை அழுத்தி, சேரை இழுத்துப் போட்டு உட்கார்வதற்குள் லாகின் கேட்கிறது. 20-ம் தேதிகளைப் பார்த்து இப்போது பயமில்லை.

ஆனாலும் இந்தக் கம்பெனி லேப்டாப்பை இனி வாங்கமாட்டேன். 2017-ல் எஸ்எஸ்டி என்பது கேள்விப்படாத பொருள் இல்லை. "1 டிபி" என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட முடிகிறது என்பதற்காக நிமிடத்துக்கு 5,400 சுற்றும் டிஸ்க்கை வைத்து விற்றார்கள். நல்ல கீபோர்டு, நல்ல கீல், நல்ல ஸ்கிரீன் எல்லாம் செய்யத் தெரிந்தவர்கள் இதைத் தெரியாமல் செய்திருக்கமாட்டார்கள். மற்ற கம்பெனிகளும் அப்போது அதையேதான் செய்தார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் கோபம் இவர்கள் மேல்தான், காசு கொடுத்தது இவர்களிடம்.

இன்னொரு விஷயமும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஏழாம் தலைமுறை பிராசஸர் என்பதால் விண்டோஸ் 11-க்கு நம் மாடல் தகுதிப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும், நான் பதிவு செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு வியாபாரிகளின் பாஸ்வேர்டுகளை இதில் வைக்க எனக்கு மனசு வராது. உனக்கும் அதே கணக்குத்தான்.

அதற்காக அதுவரை ஆறு நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா, ஸ்க்ரூ டிரைவர் என்னிடம் இருக்கிறது. உன் டிஸ்க்கும் என்னுடையது வாங்கிய அதே மாதம் வாங்கியது. பேக்கப் மட்டும் இன்றைக்கு ராத்திரியே எடுத்துவிடு.