ஸ்போரன் செய்யக் கொடுத்து ஏமாந்தோம்: 'ஆர்டர் பொருள், திருப்பி எடுக்க மாட்டோம்' என்றால் நம்பாதீர்கள்

ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் பாவாடை போன்ற உடையான கில்ட்டுக்குப் பாக்கெட் கிடையாது. இடுப்பில் சங்கிலி கட்டி, பக்கிளுக்குக் கொஞ்சம் கீழே முன்பக்கம் தொங்கவிடும் தோல்பைதான் ஸ்போரன். எங்கள் மகளுக்கு எடின்பரோவில் கல்யாணம், மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர். வாடகைக்கு எடுக்கிற பையாக இல்லாமல், அவர் பிள்ளைகள் காலம்வரை இருக்கிற ஸ்போரன் ஒன்றை நம் வீட்டுச் சீராகச் செய்து கொடுக்கலாம் என்று நானும் மனைவியும் ஆசைப்பட்டோம்.

லண்டனில் இருந்தபடியே, ஸ்காட்லாந்தில் கைவேலை செய்வதாகச் சொன்ன ஒருவரிடம் ஆர்டர் கொடுத்தோம். முன்பக்கத் தோலில் கெல்டிக் முடிச்சுக் கோலத்தைக் கையாலேயே செதுக்க வேண்டும், தையல் முழுதும் கைத்தையலாக இருக்க வேண்டும், மேலே வரும் உலோகப் பட்டை, அதாவது கேன்டில், 925 வெள்ளியில் இருக்க வேண்டும். எல்லாம் மின்னஞ்சலில் பேசி எழுதிக்கொண்டதுதான். விலை 1,200 பவுண்டு. முன்பணம் 400 பவுண்டைக் கிரெடிட் கார்டில் கொடுத்தோம். மீதியை வங்கிக் கணக்குக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதால் அப்படியே அனுப்பினோம்.

ஆரம்பத்தில் ஒரு பேச்சு வந்தது. முன்பக்கத்துக்கு சீல் (கடல்நாய்) தோல் போட்டால் பார்வையாக இருக்கும் என்றார். ஆர்க்டிக் பழங்குடியினரான இன்னுயிட் மக்கள் வேட்டையில் கிடைத்த தோல் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, சீல் தோல் விற்பனைக்கு 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை உண்டு. பிரிட்டனிலும் அது தொடர்கிறது. அதற்கான சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார். எந்த விலங்கின் ரோமம் என்றாலும் காகிதம் கேளுங்கள். நீர்நாய், காட்டுப்பூனை போன்றவை ஸ்காட்லாந்தில் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. சிக்கல் வந்தால் அது அணிகிறவர் தலையிலும் விழும்.

அப்புறம் வழக்கமான சாக்குகள். தோல் வரவில்லை, வெள்ளி வேலைக்காரருக்கு உடம்பு சரியில்லை. பாதி முடிந்த நிலையில் ஒரு படமாவது அனுப்புங்கள் என்று கேட்டால் பதிலே வராது. கடைசியில் கல்யாண வாரத்தில் பார்சல் வந்தது.

கேன்டிலின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன். நம் ஊரில் தங்கத்துக்கு 916 பார்க்கிற பழக்கம். பிரிட்டனில் 7.78 கிராமுக்கு மேலுள்ள பொருளை வெள்ளி என்று சொல்லி விற்க ஹால்மார்க் கட்டாயம். செய்தவரின் முத்திரை, 925 என்ற எண், சோதித்த அலுவலகத்தின் சின்னம் மூன்றும் இருக்க வேண்டும். எடின்பரோ அலுவலகத்தின் சின்னம் மூன்று கோபுரக் கோட்டை. எங்கள் கேன்டிலில் ஒன்றுகூட இல்லை. மூடி உரசுகிற இடத்தில் முலாம் தேய்ந்து மஞ்சள் உலோகம் தெரிந்தது.

தையலும் மெஷின் தையல். கைத்தையலில் மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் இழுப்பார்கள். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். இதில் பக்கவாட்டு மடிப்பில் ஒரு நூல் தளர்ந்தது, மாப்பிள்ளை லேசாக இழுத்தார், விரல் நீளத்துக்குப் பிரிந்து வந்துவிட்டது. அதைவிட மனதை நோகடித்தது அந்த முடிச்சுக் கோலம். அதே கோலத்தோடு வேறொரு கடையில் 60 பவுண்டுக்கு ஒரு ஸ்போரன் இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், எங்களுடையதில் கோடு உடைந்திருக்கும் அதே இடத்தில் அதிலும் உடைந்திருக்கிறது. கையால் செதுக்கினால் அப்படி வராது, ஒரே அச்சில் அழுத்தி எடுத்தால்தான் வரும். மலிவு ஸ்போரன் செய்கிறவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. கில்ட், பேக்பைப் (பை வைத்து ஊதும் வாத்தியம்) சாமான்கள் பாகிஸ்தானின் சியால்கோட்டில் ஏராளமாகத் தயாராகின்றன. சொன்ன விலைக்குச் சொன்ன பொருள் என்றால் அது நேர்மையான வியாபாரம். அச்சில் எடுத்த பொருளைக் கைவேலை என்று சொல்லி 1,200 பவுண்டு வாங்குவது திருட்டு.

புகார் சொன்னதும் வந்த பதில்: "இது உங்களுக்கென்றே செய்த பொருள், சட்டப்படி திருப்பி எடுக்க வேண்டியதில்லை." பலரும் இங்கேதான் அடங்கிப் போகிறார்கள். அவர் சொன்னது பாதி உண்மை. தூரத்திலிருந்து வாங்கும் பொருளை மனம் மாறி 14 நாளில் திருப்பும் உரிமை ஆர்டர் பொருளுக்குக் கிடையாது. ஆனால் சொன்னபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கும் உரிமையை 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் தருகிறது, ஆர்டர் பொருளுக்கும் சேர்த்துத்தான். நாங்கள் 'நிராகரிக்கிறோம்' என்று தெளிவாக எழுதி அனுப்பினோம். அதோடு அவர் பதில் போடுவதை நிறுத்திவிட்டார்.

காப்பாற்றியது அந்த 400 பவுண்டு கார்டு கட்டணம். 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி, பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்குள் இருந்து, அதில் ஒரு பகுதியைக் கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தாலும் முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனம் பொறுப்பு. டெபிட் கார்டுக்கு இது பொருந்தாது. மின்னஞ்சல்கள், ஹால்மார்க் இல்லாத கேன்டிலின் படங்கள், ஒரு தோல் கைவினைஞர் எழுதித் தந்த கருத்து எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினோம். இழுத்தடித்தாலும் 1,200-ம் திரும்பி வந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளை கட்டியிருந்தது வாடகை ஸ்போரன்தான். அந்த வருத்தம் எங்களுக்கு இன்னும் போகவில்லை.

முழுப் பணத்தையும் வங்கி வழியாகக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால், ஸ்காட்லாந்து ஷெரிஃப் நீதிமன்றத்தில் 5,000 பவுண்டு வரையிலான தொகைக்கு 'சிம்பிள் புரொசீஜர்' என்ற எளிய வழக்குமுறை இருக்கிறது, வக்கீல் வைக்காமலே போடலாம். வாங்கியபோது வந்த மின்னஞ்சல்களையும் பார்சல் அட்டையையும் தூக்கிப் போடாமல் வையுங்கள்.