ஷைனி பாடல்களின் தரவரிசை: இரைச்சலுக்கு அடியில் இரண்டு குரல்கள்

2025 மே மாதம் ஷைனி என்ற தென்கொரிய ஆண்கள் பாடகர் குழுவின் ‘போயட் ஆர்ட்டிஸ்ட்’ பாடல் வெளியானதிலிருந்து, கே-பாப் எனப்படும் கொரியப் பாப் இசையின் பக்கம் புதிதாக வந்திருக்கும் நண்பர் ஒருவர், இந்தக் குழுவின் சிறந்த பாடல்களை வரிசைப்படுத்தித் தரும்படி விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஓன்யூ, ஜோங்ஹியுன், கீ, மின்ஹோ, தேமின் என்ற ஐந்து பெயர்களும், 2008 மே மாதம் ‘ரீப்ளே’ பாடலோடு அவர்கள் அறிமுகமானதும், 2017 டிசம்பர் 18 அன்று ஜோங்ஹியுன் தமது 27-ஆம் வயதில் மறைந்ததும் அவருக்குத் தெரியும். ஆகவே அறிமுகத்தை விட்டுவிட்டு, பல ஆண்டுகளாக இந்தப் பாடல்களைக் கேட்டதில் எனக்குள் நிலைத்துப்போன ஒரு குறையையும், அந்தக் குறையையும் மீறி என்னை இன்னும் கேட்க வைக்கும் காரணத்தையும் மட்டும் எழுதுகிறேன். தரவரிசை அதற்குள்ளேயே வந்துவிடும்.

குறை இதுதான்: நன்றாகப் பாடத் தெரிந்தவர்களின் குரலை, ஆல்பத்தின் முகமாக முன்வைக்கப்படும் அவர்களுடைய டைட்டில் பாடல்களே பல முறை மூடி மறைக்கின்றன. ஷைனியின் பலம் இரண்டு முதன்மைக் குரல்களின் முரணில் இருக்கிறது. ஜோங்ஹியுனுடைய குரல் உச்சத்துக்குப் போகப் போகக் கூர்மையாகி, விளிம்பில் சற்றே கிழிவது போல ஒலிக்கும். அந்தக் கிழிசலை அவர் தெரிந்தே பயன்படுத்துவார். ஓன்யூவின் குரல் அதற்கு நேர்மாறாக வட்டமாகவும் ஈரமாகவும் இருக்கும். எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் அழுத்தம் வெளியே தெரியாது. இந்த இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வரும்போதோ, ஒரே வரியை ஒன்றன்மேல் ஒன்றாகப் பாடும்போதோ கிடைக்கும் நிறைவை வேறெந்தக் குழுவிடமும் நான் கண்டதில்லை. அப்படிப்பட்ட குரல்களை சிந்தசைஸர் அலைகளுக்கும் குரலைத் திருத்தும் ஆட்டோடியூன் பூச்சுக்கும் அடியில் தேடவேண்டியிருக்கும்போது எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

‘ரிங் டிங் டாங்’ அந்த எரிச்சலின் உச்சம். 2009 அக்டோபரில் வந்த இந்தப் பாடலை யூ யங்-ஜின் எழுதி இசையமைத்தார். தென்கொரியாவில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதப்போகும் மாணவர்கள், தேர்வு முடியும்வரை கேட்கவே கூடாத பாடல்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஒருமுறை காதில் விழுந்தால் தேர்வு அறையிலும் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதுதான் காரணம். அந்தப் பட்டியலில் ‘ரிங் டிங் டாங்’ எப்போதும் முதல் வரிசையில் இருக்கும். மனத்தில் ஒட்டிக்கொள்ளும் ஆற்றலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தெருவோரக் கடையின் ஸ்பீக்கரில்கூட நான்கு நொடிகளில் அடையாளம் தெரியும் பாடலைச் செய்வது பெரிய தொழில்நுட்பம். ஆனால் பாடல் முடிந்தபின் நினைவில் மிஞ்சுவது ஓர் ஒலிக்கோவை மட்டுமே; அதை யார் பாடினார் என்பது மிஞ்சுவதில்லை. ஷைனியைத் தவிர வேறொரு குழு பாடியிருந்தாலும் அது அதே பாடலாகத்தான் இருந்திருக்கும். இந்த ஒரே காரணத்துக்காக அதை முதல் பத்துக்குள் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. நண்பர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இதற்கு மாற்றாக முதல் பாடலான ‘ரீப்ளே’யை எடுத்துக்கொள்ளலாம். தன்னைவிட வயதில் மூத்த பெண்மீது காதல் கொண்ட இளைஞனின் புலம்பலை, அவசரமே இல்லாத ஆர்-அண்ட்-பி நடையில் பாடுகிறார்கள். அப்போது தேமினுக்கு 14 வயதுதான். பாடலில் அவருக்குக் கிடைத்த வரிகள் மிகக் குறைவு. அவர் பெரும்பாலும் நடனத்துக்காகவே முன்னிறுத்தப்பட்டார். இந்தக் குழுவை நீண்டகாலம் தொடர்ந்து கேட்பவருக்குக் கிடைக்கும், எதிர்பாராத பெரிய மகிழ்ச்சி இங்கேதான் தொடங்குகிறது. வெளியான வரிசையிலேயே ஆல்பங்களைக் கேட்டுக்கொண்டு வந்தால், 2012-இல் வந்த ‘ஷெர்லாக்’ காலத்திலிருந்து தேமினின் பங்கு தெளிவாகக் கூடுவதையும், 2014-இல் அவர் தனி ஆல்பம் வெளியிட்ட பிறகு குழுவின் பாடல்களில் மூன்றாவது முதன்மைக் குரலாகவே மாறிவிடுவதையும் காதால் உணரலாம். மூச்சு கலந்த மெல்லிய குரல் மெல்ல மெல்ல உடல் பெற்று, ஓன்யூவுக்கும் ஜோங்ஹியுனுக்கும் நடுவில் தனக்கென ஓர் இடத்தைப் பிடிப்பதை ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தது, தனிப்பட்ட எந்தப் பாடலும் தராத இன்பம். ‘ரீப்ளே’ என் வரிசையில் ஆறாவது.

‘வியூ’வைப் பற்றி நிதானமாகச் சொல்லவேண்டும். 2015 மே மாதம் வந்த ‘ஆட்’ ஆல்பத்தின் டைட்டில் பாடல் இது. இசையில் பிரிட்டனைச் சேர்ந்த எல்டிஎன் நாய்ஸ் இரட்டையரின் கை இருக்கிறது. கொரிய வரிகளை ஜோங்ஹியுன் எழுதினார். ஒலியைப் பார்ப்பது, நிறத்தைச் சுவைப்பது என்று புலன்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும் நிலையை அவர் வரிகள் சொல்கின்றன. இசையும் அதற்கேற்ப டீப் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை வகையில் கனமில்லாமல் மிதக்கிறது. ஒரு கே-பாப் டைட்டில் பாடலின் கோரஸ், அதாவது திரும்பத் திரும்ப வரும் பல்லவி, பொதுவாக முன்பகுதியைவிட உரக்கவும் அகலமாகவும் வெடிக்கும். ‘வியூ’வின் கோரஸோ உரக்கப் பேச மறுக்கிறது. ‘அழகான’ என்று பொருள்படும் கொரியச் சொல்லின் கடைசி அசைகளை எதிரொலி போல அடுக்கி, ‘வியூ’ என்ற ஒரே அசையில் மென்மையாக இறங்கி நிற்கிறது. இயந்திர இசை இங்கேயும் முழுக்க இருக்கிறது. ஆனால் அடித்தாளம் கீழ்ப்பகுதியையும் சிந்தசைஸர் ஓரங்களையும் எடுத்துக்கொள்ள, நடு அலைவரிசை முழுவதையும் குரல்களுக்கென்று விட்டுவைத்திருக்கிறார்கள். சாதாரண இயர்போனில் கேட்டாலும் ஒவ்வொருவரும் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதுகூடத் தெரிகிறது. மின்னணு இசைக்கும் குரலுக்கும் பகை இல்லை என்பதற்கு ஷைனியின் பட்டியலிலேயே கிடைக்கும் சான்று இது. என் குறை இசைக்கருவிகள் மீதல்ல, ஒலிக்கலவை மீதுதான் என்று எனக்கே தெளிவாக்கிய பாடலும் இதுதான்.

அடுத்தது, டைட்டில் பாடலாக இல்லாததால் பலரும் தவறவிடும் ‘செலீனி 6.23’. 2013 ஏப்ரலில் வந்த ஆல்பத்தில் இருக்கிறது; வரிகள் ஜோங்ஹியுனுடையவை. எட்ட முடியாத நிலவை நோக்கி ஒருவன் பேசுவதாக அமைந்த மெதுவான பாடல். பெயரில் உள்ள எண் ஜூன் 23-ஐக் குறிப்பதாகவே ரசிகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்; அந்த 2013-ஆம் ஆண்டில் நிலவு பூமிக்கு மிக அருகில் வந்த நாள் அது. மிக அருகில் வரும் நாளிலும் நிலவு எட்டாத தொலைவில்தான் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டால், பாடலின் ஏக்கம் இருமடங்காகிறது. இசை பின்னால் ஒதுங்கி நிற்க, குரல்கள் ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கி வாங்கி மேலே ஏறுகின்றன. கைப்பேசியின் ஸ்பீக்கரில் இந்தப் பாடலைப் போட்டுவிட்டு எதுவும் தேறவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. இரவில், நல்ல இயர்போனில், வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் கேட்கவேண்டும்.

‘ஷெர்லாக்’ 2012 மார்ச்சில் வந்தது. அதற்கு முந்தைய கொரிய வெளியீடு 2010 அக்டோபரில்; கே-பாப் வேகத்தில் அது மிக நீண்ட இடைவெளி. ‘ஷைனி திரும்பிவிட்டது’ என்ற அறிவிப்போடு பாடல் தொடங்குவதற்குப் பொருள் இருந்தது. ‘குளூ’, ‘நோட்’ என்ற இரண்டு தனிப் பாடல்களை வெட்டி இணைத்து மூன்றாவதாக ஒன்றைச் செய்திருக்கிறார்கள். மூன்றுமே அதே சிற்றால்பத்தில் இடம்பெற்றுள்ளன. முதலில் ‘குளூ’வையும் ‘நோட்’டையும் தனியாகக் கேட்டுவிட்டுப் பிறகு ‘ஷெர்லாக்’கைக் கேட்பதே முறை. எங்கே தையல் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபின், அந்தத் தையல் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதன் அருமை புரியும். அதே சிற்றால்பத்தின் கடைசிப் பாடலான ‘ஹானஸ்டி’யும் ஜோங்ஹியுன் எழுதியது, ரசிகர்களுக்கு நன்றி சொல்லும் எளிய பாடல். ஏழாவது இடத்தை அதற்குத் தயங்காமல் கொடுப்பேன்.

‘எவ்ரிபடி’யை மேடையில் பார்க்கவேண்டும். பொம்மைப் போர்வீரர்களைப் போன்ற அந்த அசைவுகள் இல்லாமல் ஒலியை மட்டும் கேட்டால் பாதிப் பாடல்தான் கிடைக்கிறது. எட்டாவது. ‘ட்ரீம் கேர்ள்’ உற்சாகமானது, அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை. 2016 அக்டோபரில் வந்த ‘1 ஆஃப் 1’ தொண்ணூறுகளின் நியூ ஜாக் ஸ்விங் என்ற துள்ளலான ஆர்-அண்ட்-பி பாணிக்கு முழு மரியாதையோடு திரும்பியது. அந்த ஆல்பத்தை ஒலிநாடாவாகவும் வெளியிட்டார்கள். அடுத்த மாதமே வந்த ‘டெல் மீ வாட் டு டூ’வில் பிரிவின் களைப்பை ஐவரும் குரலை உயர்த்தாமலே உணர்த்துகிறார்கள். ‘1 ஆஃப் 1’ ஒன்பதாவது, ‘டெல் மீ வாட் டு டூ’ ஐந்தாவது.

2017-க்குப் பிந்தைய பாடல்களை வரிசையில் எங்கே வைப்பது என்பதில்தான் நியாயம் கடினமாகிறது. 2018 மே மாதம் நால்வராக வெளியிட்ட ‘குட் ஈவினிங்’ சிறந்த பாடல். 112 என்ற அமெரிக்க ஆர்-அண்ட்-பி குழுவின் பழைய ‘க்யூபிட்’ பாடலிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவது போன்ற நெருக்கத்தை உருவாக்குகிறார்கள். 2021-இன் ‘அட்லாண்டிஸ்’ கோரஸ் குரல்களை நம்பி எழுதப்பட்டது. ஓன்யூ அங்கே தமது முழு வீச்சையும் காட்டுகிறார். ‘டோன்ட் கால் மீ’ எனக்கு மறுபடியும் அந்தப் பழைய எரிச்சலைத் தருகிறது. இதையெல்லாம் நடுநிலையோடு எழுத முயன்றாலும், எந்தப் பாடலில் எந்த இடம் வந்தாலும் ‘இங்கே ஜோங்ஹியுன் இருந்திருந்தால்’ என்று காது தானாகவே தேடுகிறது. அது பாடியவர்களின் குறை அல்ல. மறைந்த நண்பருக்காக நால்வரும் வரிகள் எழுதிப் பங்களித்த ‘அவர் பேஜ்’ பாடலுக்கு எண் கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். அதை வரிசைக்கு வெளியே வைக்கிறேன். ஜோங்ஹியுன் விட்டுச்சென்ற பாடலாகவும் அவருடைய குரலைச் சேர்த்துக்கொண்ட பாடலாகவும் வந்த ‘போயட் ஆர்ட்டிஸ்ட்’டும் அப்படியே. ‘அட்லாண்டிஸ்’ பத்தாவது, ‘குட் ஈவினிங்’ ஒரு மயிரிழையில் பத்தைத் தவறவிட்டது.

இனி ‘லூசிஃபர்’. 2010 ஜூலையில் வந்த இதற்கும் யூ யங்-ஜினே பொறுப்பு. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அமெரிக்கப் பாடகி பீபி ரெக்ஸாவும் இசையமைத்தவர்களில் ஒருவர். மேலே நான் அடுக்கிய குற்றச்சாட்டுகள் அனைத்தும் இதற்குப் பொருந்தும். மனிதக் குரலை இயந்திரக் குரலாக மாற்றுகிறது. ‘லவர்ஹாலிக், ரோபோட்ரானிக்’ என்று ஆணி அடிப்பது போல் திரும்பத் திரும்ப அடிக்கிறது. காது வலிக்கும் அளவுக்கு சிந்தசைஸரைக் குவிக்கிறது. ஆனால் பாடலின் பொருளே, ஒரு மயக்கத்துக்குள் சிக்கி, கட்டுண்டு, மூச்சு முட்டுவதுதான். கேட்பவருக்கும் மூச்சு முட்டும்படி இரண்டு நிமிடங்களுக்குமேல் சுவர்களை நெருக்கிக்கொண்டே வந்து, கடைசிக் கோரஸுக்கு முன் வரும் பிரிட்ஜ் பகுதியில் திடீரென்று அவற்றைத் திறக்கிறார்கள். அதுவரை உலோகத்துக்குள் அடைபட்டிருந்த ஜோங்ஹியுனும் ஓன்யூவும் பூச்சு எதுவும் இல்லாத தங்கள் சொந்தக் குரலில் உச்சத்தைத் தொடுகிறார்கள். முன்னால் இருந்த அந்த இரைச்சல் இல்லாவிட்டால் இந்த விடுதலைக்கு இவ்வளவு பலம் இருந்திருக்காது.

எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் ‘வியூ’தான் சிறந்த பாடல். வரி, இசை, கலவை, குரல் ஆகிய நான்கிலும் அதில் பிழை காண முடியாது. ஆயினும் இந்த வாரம் என்னைக் கேட்டால் ‘லூசிஃபர்’ முதலிடம், ‘வியூ’ இரண்டாவது, ‘செலீனி 6.23’ மூன்றாவது, ‘ஷெர்லாக்’ நான்காவது. காரணம் கேட்டால் அந்த பிரிட்ஜைத்தான் மறுபடி போட்டுக் காட்டுவேன். நண்பர் மட்டும் ‘லூசிஃபர்’ரிலிருந்து தொடங்கவேண்டாம், ‘வியூ’வில் இரண்டு குரல்களையும் பிரித்தறியப் பழகி, ‘செலீனி’யில் அவற்றைத் தனியே கேட்டு, அதன்பிறகே அந்த இரைச்சலுக்குள் நுழையட்டும். எந்த இடத்தில் யார் பாடுகிறார் என்பது அதற்குள் அவருக்கே தெரிந்திருக்கும்.